பள்ளிக்கூடம் இலவசம், பள்ளிக்கூடம் போவது?
ஏழைப் பிள்ளைகள் படிக்க வந்த நூறு ஆண்டுக் கணக்கு



நம்ம குழுக் கடன் பதிவேட்டில் "கடன் நோக்கம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. கறவை மாடு, தையல் மிஷின், பெட்டிக்கடை, வைத்தியச் செலவு என்று அதில் எழுதுகிறோம். மே, ஜூன் மாதத்துப் பக்கங்களைப் புரட்டினால் "பிள்ளை படிப்புச் செலவு" என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். "கவர்மென்ட் பள்ளிக்கூடம் இலவசம்தானே, அப்புறம் எதுக்குக் கடன்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல நூறு வருஷத்துக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராமல் போனதற்குக் கட்டணம் மட்டும் காரணம் இல்லை. பசி, போட்டுக்கொள்ள நல்ல துணி, நடக்க வேண்டிய தூரம், பிள்ளை கொண்டு வந்த கூலி, வீட்டின் மேல் இருந்த கடன் எல்லாமே தடையாக இருந்தன. இவற்றில் ஒன்றை ஊரோ அரசோ ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் பிள்ளைகள் பள்ளிக்குள் வந்தார்கள். யாரும் ஏற்காத செலவு அம்மா தலையில் விழுந்தது. தமிழ்நாட்டில் இது எப்படி நடந்தது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் கதவு

நம்ம பாட்டிகளுக்கும் அவர்கள் அம்மாக்களுக்கும் பள்ளிக்கூடம் என்பது வேறு யாருக்கோ உரிய இடம். சேரிப் பிள்ளைகளைப் பல பள்ளிகளில் உள்ளேயே விடவில்லை. விட்ட இடத்திலும் தனியாக உட்கார வைத்தார்கள். 1894-ல் சென்னை அடையாறில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு இலவசப் பள்ளியைத் திறந்தார். இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் கல்விக்காகவும் பொது இடங்களில் நுழையும் உரிமைக்காகவும் பல ஆண்டுகள் போராடினார்கள். இன்று நம்ம பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள் என்றால் அது தானாக வந்தது இல்லை.

கதவு திறந்த பிறகும் பிள்ளைகள் வரவில்லை. ஏன் என்று சென்னை மாநகராட்சி 1920-ல் யோசித்தது. அப்போது மாநகராட்சி மன்றத் தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் மிகவும் ஏழைகள். அதனால் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை நிலையாக நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் சிற்றுண்டி கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று 1920 செப்டம்பர் 16-ஆம் தேதி மன்றம் தீர்மானம் போட்டது. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது போனது.

1925-ல், தொடக்கக் கல்விக்கான பணத்தை இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்ததால் சாப்பாடு நின்றது. "படிப்புக்குக் கொடுத்த பணம் சோற்றுக்கா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. பசித்த பிள்ளைக்குச் சோறும் படிப்புச் செலவுதான் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. கொஞ்ச காலம் கழித்துத் திட்டம் மறுபடி தொடங்கியது.

ஊர் சேர்ந்து போட்ட சாப்பாடு

1953-ல் சென்னை மாநில அரசு ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் அரை நாள் படிக்க வேண்டும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. வண்ணார் பிள்ளை துணி வெளுக்கவும், குயவர் பிள்ளை சக்கரம் சுற்றவும்தான் இது வழி செய்யும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சர் ஆனார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

காமராசருக்கு ஏழ்மையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர், படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. இவர்கள் காலத்தில் பள்ளி இல்லாத ஊர்களைத் தேடித் தேடிப் பள்ளி திறந்தார்கள். சின்னப் பிள்ளை நடக்கும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்பது கணக்கு.

1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. இன்றைக்குப் போல முழுச் செலவும் அரசுடையது அல்ல; ஊர் மக்களும் பங்கு கொடுத்தார்கள். நெல் கொடுத்தவர் உண்டு, விறகு கொடுத்தவர் உண்டு, அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த அம்மாக்கள் உண்டு. பிடி அரிசி சேர்த்த அந்தக் கைகளுக்கும், பின்னால் வாரம் 5 ரூபாய், 10 ரூபாய் என்று சேமித்த நம்ம கைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார்கள். பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று மக்களே கொண்டு வந்து கொடுத்தார்கள். சீருடையும் அந்தக் காலத்தில்தான் பரவியது. சீருடை என்றால் அழகுக்காக என்று நினைக்கிறோம். கிழிந்த பாவாடையோடு வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு நின்றுபோன பெண் பிள்ளைக்குத்தான் அதன் அருமை தெரியும். 1960-களில் பள்ளி இறுதி வரை கட்டணம் இல்லாத படிப்பும் வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பெண்களுக்கு 21 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. ஆண்களில் 51 பேர். பள்ளி பக்கத்தில் வந்தாலும், தம்பி தங்கையைத் தூக்கிச் சுமக்க, ஆடு மேய்க்க, தண்ணீர் எடுக்க வீட்டில் நிறுத்தப்பட்டது பெண் பிள்ளைதான்.

1982: சத்துணவு

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பட்டினி கிடந்ததை அவர் மறைத்ததே இல்லை. முதலில் கிராமங்களில் 2 வயது முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. சில மாதங்களில் நகரங்களுக்கும். 1984-ல் 15 வயது வரைக்கும் திட்டம் விரிந்தது. இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டுவதா என்று படித்தவர்கள் பலர் அன்றைக்குக் கேட்டார்கள். 1925-ல் வெள்ளைக்கார அரசு கேட்ட அதே கேள்வி.

இந்தத் திட்டத்தில் பிள்ளைகளோடு சேர்த்து இன்னொரு கூட்டமும் கரையேறியது. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆட்கள் தேவைப்பட்டார்கள். கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். மாதா மாதம் சம்பளம் என்பதைப் பல பெண்கள் முதல் தடவையாகப் பார்த்தது சத்துணவுக் கூடத்தில்தான். அப்படிச் சமைத்த அம்மாவின் பிள்ளை படித்து வேலைக்குப் போன கதைகள் நம்ம ஊர்களில் ஏராளம்.

1989-ல் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. படிப்படியாகக் கூடி 2010-ல் வாரத்துக்கு 5 ஆனது. 2001-ல் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நம்ம ஊர் பிடி அரிசியில் தொடங்கியது எல்லா மாநிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

பிள்ளையை அடகு வைத்த கடன்

சோறு போட்டும் வராத பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போன பிள்ளைகள். சிவகாசி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆலை வண்டிகள் விடியும் முன்னே கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். வேலூர், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வேலை. காஞ்சிபுரத்தில் தறி.

பீடியிலும் தறியிலும் நடந்ததை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். அங்கே பல பிள்ளைகள் வேலைக்குப் போனது கடனுக்காக. வீட்டில் ஒரு பிரசவம், ஒரு சாவு, ஒரு காய்ச்சல். கையில் காசு இல்லை. முதலாளியிடம் சில நூறு, சில ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்குவார்கள். அந்தப் பணம் திரும்பும் வரை பிள்ளை அங்கே வேலை செய்ய வேண்டும். கூலியில் வட்டிதான் கழியும், அசல் அப்படியே நிற்கும். நகையை அடகு வைக்க நகை இல்லாதவர்கள் பிள்ளையை அடகு வைத்தார்கள். அந்த அம்மாக்களுக்கு மனசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்குக் கடன் கொடுக்க வேறு ஆள் இல்லை.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசி பிள்ளைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பிள்ளை வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். வீட்டு வருமானத்துக்கு வழி சொல்லாமல் பிள்ளையை மட்டும் மீட்டால், அது மறுபடி வேலைக்கே போகும் என்பதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

அதே காலத்தில்தான் நம்ம கதையும் தொடங்குகிறது. 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 1989-ல் அன்றைய தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992-ல் நபார்டு, குழுக்களை வங்கியோடு இணைக்கும் வேலையை ஆரம்பித்தது. 1990-களின் கடைசியில் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது.

அவசரத்துக்கு 500 ரூபாய் உள்கடன் குழுவிலேயே கிடைத்தது என்பதை இன்று சின்ன விஷயமாக நினைக்கலாம். ஆனால் அந்த 500 ரூபாய்க்காகத்தான் ஒரு காலத்தில் பிள்ளை பீடித் தட்டு முன்னால் உட்கார்ந்தது. குழுவின் சேமிப்புப் பெட்டி எத்தனை பிள்ளைகளை வேலையிலிருந்து காத்தது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. நம்ம பழைய உறுப்பினர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெண் பிள்ளையின் தூரம்

ஐந்தாவது வரைக்கும் பெண் பிள்ளை ஊருக்குள் படித்தது. ஆறாவதுக்குப் பக்கத்து ஊர். ஒன்பதாவதுக்கு இன்னும் தூரம். வயசுக்கு வந்ததும் "போதும், எழுதப் படிக்கத் தெரிஞ்சாச்சு" என்று நிறுத்திவிடுவார்கள்.

1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவாகத் திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் எட்டாவது வரை படித்திருந்தால்தான் 5,000 ரூபாய். கல்யாணத்துக்குத்தான் உதவி என்றாலும், "எட்டாவது முடிக்கட்டும்" என்ற பேச்சை அது வீட்டுக்குள் கொண்டு வந்தது. பிறகு அந்தத் தகுதி பத்தாவது ஆனது.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள் சைக்கிள் மிதித்துப் போனதை ஊரே வேடிக்கை பார்த்தது. பத்து வருஷம் கழித்து, 2000-களின் தொடக்கத்தில், பதினோராம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தது. பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. இலவச பஸ் பாஸும் இருக்கிறது. தூரம் என்ற தடை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஆனால் அதே காலத்தில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் சிலவற்றில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்தது. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டிப் பத்தாவது முடித்த, முடிக்காத பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். பலருக்குச் சொன்ன பணம் முழுசாக வரவில்லை. உடம்பு கெட்டுத் திரும்பியவர்கள் உண்டு. வரதட்சணைக் கவலை இருக்கும் வரை பெண் பிள்ளையின் படிப்பை யாராவது விலை பேசிக்கொண்டேதான் இருப்பார்கள்.

2022 செப்டம்பரில் திருமண உதவித் திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிய பணம் படிப்புக்கு என்று ஆனது. 33 ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. 2024-ல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தது.

அடுப்பு நம்ம கையில்

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 1920-ல் மாநகராட்சி தீர்மானம் போட்டதும் ஒரு செப்டம்பர் மாதத்தில்தான். முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கிராமங்களில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சமைக்கப் போனவர்கள் யார்? நம்ம குழுப் பெண்கள். காலையில் கூலி வேலைக்கு ஓடும் அம்மா வெறும் வயிற்றோடு அனுப்பிய பிள்ளைக்கு, இன்னொரு அம்மா சூடாகப் பரிமாறுகிறாள்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஊர்களில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர்கள் சிலர் சொன்னார்கள். அதிகாரிகள் நேரில் போய்ப் பேசி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1894-ல் திறந்த கதவை 2023-ல் மூடப் பார்ப்பது சரியா? நம்ம குழுக்களில் எல்லாச் சமூகத்துப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். அந்தப் பழக்கம் பள்ளிப் பந்திக்கும் போக வேண்டும். அந்த வேலையை நம்மளை விட நன்றாகச் செய்ய யாரால் முடியும்?

இன்றைய கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

100 பெண்களுக்கு 21 என்று 1961-ல் இருந்த எழுத்தறிவு 2011-ல் 73 ஆனது. கல்லூரிப் படிப்பில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணியில் நிற்கிறது. இவை சும்மா வந்த எண்கள் இல்லை.

இப்போது நம்ம கடன் பதிவேட்டுக்கு வருவோம். சாப்பாடு, புத்தகம், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள் என்று அரசுப் பள்ளியில் பல செலவு குறைந்துவிட்டது. அப்புறம் எதற்குக் கடன்? பெரும்பாலும் தனியார் இங்கிலீஷ் மீடியம் கட்டணம், வேன் கட்டணம், டியூஷன். அதற்கப்புறம் கல்லூரிச் சேர்க்கை, விடுதி. பிள்ளை நல்லா வரணும் என்ற ஆசையில் வாங்கும் கடன் இது. அந்த ஆசையைக் குறை சொல்ல நமக்கு மனசு வராது. ஆனால் மைக்ரோ பைனான்ஸ் வாரத் தவணையில் கட்டணம் கட்டி, தவணை கட்ட முடியாமல் ஆறு மாதத்தில் பிள்ளையை நிறுத்தி, வேறு பள்ளிக்கு மாற்றும் வீடுகளையும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைக்கு இரண்டு பள்ளியிலும் பாடம் பிடிபடுவதில்லை.

ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் "படிப்புச் செலவு" என்று ஒரு கடன் விண்ணப்பம் வந்தால், ஊக்குநரும் பிரதிநிதியும் கொஞ்சம் நேரம் எடுத்து மூன்று விஷயம் கேட்கலாம்.

ஒன்று, இந்தச் செலவுக்கு ஏற்கனவே ஒரு திட்டம் இருக்கிறதா? எட்டாவது படிக்கும்போது எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வில் வென்றால், ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. விண்ணப்பிக்கும் நாள் தெரியாமலே பல பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், கல்வி உதவித்தொகைகள் எல்லாவற்றுக்கும் வங்கிக் கணக்கும் சான்றிதழ்களும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். விதிகள் மாறலாம், தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு, வட்டிக்கு வெளியே வாங்குவதை விடக் குழுவில் வாங்குவது நல்லது இல்லையா? உள்கடனில் கல்விக்கு முன்னுரிமை என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்தால் ஜூன் மாதத்தில் யாரும் தண்டல்காரரிடம் போய் நிற்க வேண்டாம்.

மூன்று, அரசுப் பள்ளியில் குறை இருக்கிறது என்றால் அதைக் கேட்க நமக்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது. 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். டீச்சர் போதவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை, ஒரு பிள்ளை பத்து நாளாக வரவில்லை என்பதை அங்கே பேசலாம், தீர்மானமாக எழுதலாம். தீர்மானம் எழுதுவது நமக்குப் புதுசா என்ன?

இன்னும் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் அப்பா அம்மாவோடு போகும் பிள்ளைகள், வெளி மாநிலத்திலிருந்து வந்து நம்ம ஊரில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், பத்தாவதில் தோற்றதும் வீட்டோடு நின்றுவிட்ட பெண் பிள்ளைகள். அவர்கள் எந்தக் குழுவின் பதிவேட்டிலும் இல்லை. நம்ம தெருவில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு குழுவும் இந்த ஆண்டு அப்படி ஒரு பிள்ளையின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக என்ன தடை என்று விசாரித்து, அந்த ஒரு தடையை மட்டும் நீக்கட்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று சேர்த்துக் கணக்குச் சொல்லுவோம்.